எதையும் தாங்கும் பை

ஊரில் இருக்கிற சொந்தபந்தங்களுக்கும், எங்கள் கடைப் படி ஏறி இறங்கிய எல்லாருக்கும் சலாம், வணக்கம். ஊர்ச் சங்கத்து மலருக்கு அமெரிக்க வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுது என்று கேட்டிருந்தார்கள். பனியைப் பற்றியும் உயரமான கட்டடங்களைப் பற்றியும் எழுத வேறு ஆட்கள் இருப்பார்கள். நான் ஒரு துணிப் பையைப் பற்றி எழுதுகிறேன்.

1

என் மகள் நிலோஃபர் இந்த வருசம் காலேஜில் சேர்ந்திருக்கிறாள். பல வருசத்துக்கு முன்னால் நான் சாயங்கால வகுப்புக்குப் போய் வந்த அதே காலேஜ். அவளுக்கு முதலில் வைத்திருப்பதும் நான் படித்த அதே எழுத்துப் பாடம்தான். இங்கே நீ டாக்டருக்குப் படித்தாலும் சரி, கணக்குக்குப் படித்தாலும் சரி, முதலில் ஒழுங்காக நாலு பக்கம் எழுதவும் நாலு பேர் முன்னால் பேசவும் கற்றுக்கொள்ள வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்து மஃரிப் தொழுதுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டாள். அவள் பேசுவது முக்கால்வாசி இங்கிலீஷ். நான் தமிழில் பதில் சொல்வேன். இரண்டு பேருக்கும் புரியும். இரண்டு பேருக்கும் கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கும்.

"அந்தக் கிளாஸ்ல நீங்க என்ன மார்க் அத்தா?"

"சி பிளஸ்."

"பி வாங்கியிருந்தா உங்கள குடோன்ல இருந்து கடைக்குள்ள விற்பனைக்குப் போட்டிருப்பாங்கன்னு அம்மா சொல்றாங்க. ஒரே ஒரு வரியைச் சொல்ல மாட்டேன்னு அதை விட்டுட்டீங்களாமே. ஒரே ஒரு வரி! சொல்லிட்டு உக்காந்திருக்கலாம்ல?"

என் மனைவி ஜமீலா சோற்றைப் பரிமாறிக்கொண்டே சிரித்தாள். "யாருகிட்ட போயிக் கேக்குற? இவிய வீட்டு ஆளுக அம்புட்டுப் பேரும் ஒரே அச்சு."

சிரிப்பதற்குச் சொன்னாள். ஆனால் மகள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தால்கூடப் பரவாயில்லை. பாவம் என்கிற மாதிரி பார்த்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் பாவப்பட்டவன் இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2

என் பெயர் மைதீன் பாட்சா. எஸ்.எஸ்.எல்.சி. வரைதான் படிப்பு. வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். கடை ராஜபாளையத்தில், பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். துண்டு, கைலி, போர்வை, மில்லில் கழித்துவிடுகிற துணி எல்லாம் வைத்திருந்தோம். நானும் என் அண்ணன் சிக்கந்தரும் காலையில் பஸ் ஏறிப் போவோம். மில்லில் சங்கு ஊதி ஷிப்ட் விட்டதும் கூட்டம் வரும். கடைசிக் கூட்டம் கலைந்த பிறகுதான் வீட்டுக்குத் திரும்புவோம்.

எண்பதுகளின் நடுவில், ஜமீலாவின் அண்ணன் விசாவுக்கு எழுதிப் போட்டு நாங்கள் நியூஜெர்சிக்கு வந்தோம். அவர் இங்கே ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் இருந்தார். எனக்கு ஒரு பெரிய துணிக்கடையின் குடோனில் பெட்டி இறக்கும் வேலை கிடைத்தது. துணியோடு இருக்கிறோமே என்று சந்தோசப்பட்டேன். ஆனால் துணியைக் கண்ணால் பார்க்க முடியாது. எல்லாம் அட்டைப் பெட்டிக்குள்.

குடோனை மேற்பார்வை பார்த்தவர் நல்ல மனுசன். ஒரு நாள் பெட்டி ஒன்று கிழிந்து போர்வைகள் வெளியே விழுந்தன. நான் விரலால் தடவிப் பார்த்து எது எந்த நூல் என்று சொன்னதைக் கேட்டு, "நீ கடைக்குள்ள இருக்க வேண்டிய ஆளு" என்றார். அதற்குக் கம்பெனி விதி ஒன்று இருந்தது. காலேஜில் எழுத்துப் பாடம் எடுத்து 'பி' வாங்க வேண்டும்.

சரி என்று காலேஜ் சன்னலுக்குப் போய் நின்றேன். பள்ளிச் சான்று கேட்டார்கள். என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை நீட்டினேன். சன்னலுக்குள் இருந்த அம்மாள் முன்னும் பின்னும் திருப்பினாள்.

"இது என்ன, பாஸ்போர்ட்டா?"

"இல்லம்மா. என் படிப்பு."

உள்ளே அங்க அடையாளம் எழுதியிருக்கும் இல்லையா, இடது புருவத்தில் தழும்பு என்று. அதைப் படித்துவிட்டு எட்டி என் புருவத்தைப் பார்த்தாள். தழும்பு இருந்தது. திருப்தியாகத் தலையாட்டினாள். படிப்பைச் சரிபார்க்கச் சொன்னால் தழும்பைச் சரிபார்த்து அனுப்பினாள்.

பிறகு என்னை இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கான வகுப்பில் போட்டார்கள். பெயரைப் பார்த்தும் பேச்சைக் கேட்டும் முடிவு செய்துவிட்டார்கள். நான் அந்தச் சன்னலை விட்டு நகரவில்லை. "பரீட்சை வைங்க. தோத்தா நானே போறேன்" என்றேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. கடைசியில் பரீட்சை வைத்தார்கள். எழுதினேன். காலேஜ் எழுத்துப் பாடத்திலேயே உட்கார்ந்தேன்.

3

டீச்சர் பெயர் லிண்டா. பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்றார். எனக்கு வாய் வரவில்லை. கடைசி வரை டீச்சர்தான்.

முதல் நாள் கையில் புத்தகமே இல்லாமல் வந்தார். ஒரு காகிதப் பை நிறையச் சாமான் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். சோப்பு, பல் துலக்குகிற பசை, காலையில் பாலில் போட்டுத் தின்கிற பொரி அட்டைப்பெட்டி. ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொன்னார். "இந்தப் பெட்டி என்ன சொல்லுதுன்னு எழுதுங்க. யாரைப் பார்த்துச் சொல்லுதுன்னு எழுதுங்க. அப்புறம், எதைச் சொல்லாம விடுதுன்னு எழுதுங்க." பாடம் இவ்வளவுதான். இதையே பாதி வருசம் நடத்தினார். பத்திரிகை விளம்பரம், டிவி விளம்பரம், ரோட்டோரப் பலகை என்று கொண்டுவந்து கொண்டுவந்து, சொல்லாமல் விட்டது எது, சொல்லாமல் விட்டது எது என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

எனக்கு அந்த வகுப்பு பிடித்துப்போனது. கட்டுரையில் அவர் போடும் சிவப்புக் கோடு மட்டும் குறையவே இல்லை. இங்கிலீஷில் 'ஏ' எங்கே வரும், 'தி' எங்கே வரும் என்பது எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. ஆனால் சொல்லாமல் விட்டதைக் கண்டுபிடிப்பதில் நான் யாருக்கும் சளைக்கவில்லை. ஏனென்றால் எங்கள் கடையில் அதையே தலைகீழாகச் செய்துகொண்டிருந்தோம்.

மில்லில் கழித்த துணி என்றால் ஏதோ ஒரு குறை இருக்கும். ஒரு இடத்தில் நூல் தடித்திருக்கும். ஒரு இடத்தில் இழை விட்டுப்போயிருக்கும். சரக்கு வந்ததும் நானும் அண்ணனும் ஒவ்வொன்றாக விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். குறை எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு சிவப்பு நூலைக் கோத்துக் கட்டிவிடுவோம். ஆள் வந்து போர்வை கேட்டால், விலையைச் சொல்வதற்கு முன்னால் விரித்து, சிவப்பு நூல் இருக்கிற இடத்தில் அவர்கள் கையைப் பிடித்து வைப்போம். மறைத்து விற்றால் பரக்கத், அதாவது இறைவன் தருகிற விருத்தி, போய்விடும் என்பது எங்கள் மார்க்கம். குறையைச் சொன்ன பிறகு வாங்குவதும் வாங்காததும் அவர்கள் இஷ்டம்.

இதனால் கடை கொழித்தது என்று கதை விட மாட்டேன். சேத்தூரில் இருந்து ஒரு சம்சாரி, விவசாயம் பார்க்கிறவர், மகள் கல்யாணத்துக்கு மொத்தமாகப் போர்வை எடுக்க வந்தார். அண்ணன் ஒவ்வொன்றாகச் சிவப்பு நூலைக் காட்டக் காட்ட அவர் முகம் சுருங்கியது. "என்ன பாய், பூராம் ஓட்டையால்ல இருக்கு!" என்று எழுந்து போய், எதிர்க் கடையில் அதே மில், அதே துணியை நூல் கட்டாமல் வாங்கிக்கொண்டு எங்கள் வாசல் வழியாகவே போனார். எங்கள் அம்மாவுக்குச் சேதி போய்விட்டது. ராத்திரி வீட்டுக்குள் கால் வைத்ததும் கேட்டார்கள்: "ஏலே, நீங்க துணி விக்கியளா, குறை விக்கியளா?"

4

இந்த வகுப்பின் இரண்டாம் பாதி மேடைப் பேச்சு. வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் பேசப் பயப்படுவார்கள் என்று டீச்சருக்கு ஒரு நினைப்பு. "பயப்பட வேண்டாம், மூச்சை இழுத்து விடுங்க" என்று என்னைப் பார்த்து இரண்டு தரம் சொன்னார். நான் சிரித்துக்கொண்டேன். மைக்கைக் கண்டு பயப்படுகிற ஆளா நான்?

ஊரில் இருந்தபோது ஒரு ஆடி மாசம். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் வரப் போகிறது. சுந்தரபாண்டியம், மகாராஜபுரம் என்று சுற்றுவட்டாரத்துச் சனம் எல்லாம் வடம் பிடிக்க வந்து நிறைந்துவிடும். தேருக்கு முந்தின வாரம் நாங்கள் ரத வீதியில் கீற்றுப் போட்டுத் துண்டுக் கடை வைப்போம். அந்த வருசம் நான் அண்ணனுக்குத் தெரியாமல் ஒரு ஆட்டோவை வாடகைக்குப் பிடித்து, இரண்டு பக்கமும் குழாய் ஸ்பீக்கர் கட்டி, மைக்கைப் பிடித்துக்கொண்டு வீதி சுற்றினேன். நல்ல குரல் எனக்கு. சினிமாவுக்கு விளம்பரம் பண்ணுகிறவர்கள் மாதிரியே இழுத்துப் பேசுவேன்.

"அன்பார்ந்த பக்தகோடிப் பெருமக்களே! தேர் பார்க்க வரும் தாய்மார்களே! ராஜபாளையத்தின் தரமான துண்டுகள்! அடிச்சுத் துவைத்தாலும் கிழியாது! முறுக்கிப் பிழிந்தாலும் கிழியாது! கிழியவே கிழியாது!"

சிறுவர்கள் ஆட்டோவுக்குப் பின்னால் ஓடி வந்தார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. வடக்கு ரத வீதி திரும்புகிற இடத்தில் அண்ணன் நடுரோட்டில் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"எறங்குலே!"

"என்னண்ணே, கூட்டம் வருதுண்ணே..."

"எதுலே கிழியாது? நீ விக்கிறது துண்டா, தகரமா?"

மைக்கை ஆஃப் செய்யவில்லை. வீதி முழுக்க இது கேட்கிறது. அண்ணன் என் கையில் இருந்ததைப் பிடுங்கினார். அவருக்கு மைக்கில் பேசிப் பழக்கமில்லை. வாயோடு ஒட்ட வைத்துக்கொண்டு கத்தினார்.

"இந்தாருங்கப்பா, துண்டு கிழியும். நல்லாத் துவைச்சா ரெண்டு வருசம் வரும். கல்லுல போட்டுச் சாத்துனா ஆறு மாசம். அம்புட்டுத்தான். வேணுங்கிறவுக வாங்க."

ரத வீதியே சிரித்தது. பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாள், "பாய் கடைத் துண்டுக்கு ஆயுசு சொல்லிட்டாருல்ல!" என்று தொடையில் தட்டிச் சிரித்தாள். நான் அவமானத்தில் இரண்டு நாள் அண்ணனோடு பேசவில்லை. எனக்கு அன்றைக்கு அவர் செய்தது சுத்தமாகப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் மைக்கைப் பிடுங்கியது தப்பு என்றுதான் சொல்வேன். சொன்ன சேதி தப்பில்லை.

5

இப்போது பைக்கு வருகிறேன்.

கடைசிப் பாடம் கூட்டு வேலை. மூன்று மூன்று பேராகச் சேர்ந்து புதுசாக ஒரு சாமானைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு விளம்பரம் எழுத வேண்டும். வகுப்பு முன்னால் நின்று பேசி விற்க வேண்டும். மூன்று பேரும் பேசியாக வேண்டும். மார்க் மூன்று பேருக்கும் ஒன்றுதான்.

என் குழுவில் கெவின் என்று ஒரு பையன், அப்போதுதான் பள்ளிக்கூடம் முடித்து வந்தவன், தொப்பியைக் கழற்றவே மாட்டான். இன்னொருத்தி ஹலீனா. போலந்துக்காரி, என் வயசு இருக்கும், முதியோர் இல்லத்தில் வேலை. நர்ஸ் படிப்புக்குப் போக அவளுக்கும் இந்தப் பாடத்தில் 'பி' வேண்டும்.

கெவின்தான் யோசனை சொன்னான். மடித்தால் கைக்குட்டை அளவு, விரித்தால் மளிகை முழுசும் பிடிக்கிற துணிப் பை. ஹலீனா படம் வரைந்தாள். நான் ஜமீலாவின் தையல் மிஷினில் தைத்தேன். மூன்று பேருக்கும் உற்சாகம். பையின் மேல் பெரிய எழுத்தில் 'எதையும் தாங்கும்' என்று கெவின் அழகாக எழுதிக் கொண்டுவந்தான். யார் யார் எதைப் பேச வேண்டும் என்பதையும் அவனே எழுதினான். முதலில் நான் எழுந்து, பையைத் தூக்கிப் பிடித்து, ஒரு வரி சொல்ல வேண்டும்: "இந்தப் பை எதையும் தாங்கும்." என் உச்சரிப்புக்கு ஒரு வரி போதும் என்று நினைத்திருப்பான். பிறகு அவர்கள் பேசுவார்கள்.

பேச்சுக்கு இரண்டு நாள் இருக்கும்போது என் வீட்டுச் சமையலறையில் பையைச் சோதித்துப் பார்த்தோம். ரொட்டி வைத்தோம், தாங்கியது. தக்காளி டப்பா வைத்தோம், தாங்கியது. இங்கே பால் பெரிய பெரிய கேனில் வரும். அதில் இரண்டை வைத்துத் தூக்கினேன். கைப்பிடி தைத்த இடம் பிரிந்து, கேன் தரையில் விழுந்து உடைந்து, பால் அடுப்புக்கு அடியில் ஓடியது.

ஜமீலா வாசலில் நின்று பார்த்தாள். "ஏங்க, ஒங்க படிப்பு அடுப்படி வரைக்கும் பாஞ்சிருச்சே!"

இரட்டைத் தையல் போட்டேன். செத்த நேரம் தாங்கிப் பிறகு பிரிந்தது. கனத்த துணியில் தைத்தால் கைக்குட்டை அளவுக்கு மடியாது. மடியாவிட்டால் பேச்சே இல்லை. அதற்கெல்லாம் நேரமும் இல்லை.

"பாலை மட்டும் வைக்காம காட்டுவோம்" என்றான் கெவின்.

"காட்டலாம். ஆனா எதையும் தாங்கும்னு நான் சொல்ல முடியாது. இங்கன பிரியும்னு சொல்லிட்டுத்தான் காட்டுவேன்."

"பாட்சா, இது நெசக் கடை இல்ல. இது ஒரு விளையாட்டு. யாரும் இந்தப் பையை வாங்கப் போறதில்ல."

"கொட்டுன பால் நெசப் பால்தான், கெவின்."

அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். அன்றைக்குத்தான் அவன் தலைமுடியைப் பார்த்தேன். ஹலீனா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தவள், துணியைப் பிழிந்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் ரெண்டு வேலை பார்த்துட்டு இந்த கிளாசுக்கு வரேன். என் மார்க்கும் உங்க கையில இருக்கு. உங்க கடவுள்கிட்ட நீங்க நல்ல பேரு வாங்கிக்கங்க, நான் குறுக்க வரல. அதுக்கு என் மார்க்கைக் கொடுக்காதீங்க."

அவள் கேட்டது நியாயம். இன்றைக்கும் நியாயம்தான்.

மறுநாள் டீச்சரிடம் போய், என்னைக் குழுவில் இருந்து எடுத்துவிடுங்கள், எனக்குப் பூச்சியம் போட்டாலும் சரி என்றேன். "முடியாது. சேர்ந்து செய்யறதுதான் பாடமே. மூணு பேரும் பேசித் தீர்த்துக்கங்க" என்றார்.

6

அண்ணனுக்குப் போன் போட்டேன். அந்த நாளில் போன் போடுவது என்றால் ஒவ்வொரு நிமிசத்துக்கும் காசு பறக்கும். ஆனால் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், அதை அவர் வாயால் ஒரு தரம் கேட்டால் எனக்குத் தெம்பு என்று நினைத்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் முழுசாகக் கேட்டார். பொறவு சொன்னார்:

"அந்த ஒத்த வரியச் சொல்லித் தொலையேம்லே."

என் காதை நம்ப முடியவில்லை.

"அண்ணே, நீங்களா சொல்றீய?"

"நான்தான். ஒனக்கு ஒண்ணு தெரியுமா, நாங்க இப்ப சிவப்பு நூல் கட்டுறதில்ல. பெரிய கடை ஒண்ணு வந்திருக்கு, கண்ணாடிக் கதவும் ஏசியுமா. டிவியில வெளம்பரம். சனங்க துணியத் தொட்டே பாக்குறதில்ல, பிளாஸ்டிக் உறையோட வாங்கிட்டுப் போறாக. நான் மட்டும் விரிச்சு விரிச்சு ஓட்டையக் காட்டிக்கிட்டு இருந்தா எவன் வாரான்? கேட்டா சொல்லுவேன். கேக்கலன்னா சொல்றதில்ல."

"அன்னைக்கு நடுரோட்டுல என் மைக்கப் புடுங்குனியளே..."

"அன்னைக்கு எனக்குப் புள்ள இல்லலே, மைதீனு."

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. வந்தது வேறு. ஊரில் எல்லாம் அப்படியே இருக்கிறது, நான்தான் தூரத்தில் தவிக்கிறேன் என்று இத்தனை வருசம் நினைத்திருந்தேன். அது அன்றைக்கு முடிந்தது. ஊர் விட்டுவிட்டது என்றால் நானும் விட்டுவிட வேண்டும் என்று எந்த வேதத்தில் இருக்கிறது?

"எனக்குப் புள்ள இருக்குண்ணே" என்றேன். "அதனாலதான் சொல்ல மாட்டேன்."

"ஒன் இஷ்டம்லே" என்று போனை வைத்தார்.

7

பேச்சு நாள். வகுப்புக்கு முன்னால் மாடிப்படிக்கு அடியில் துண்டை விரித்து மஃரிப் தொழுதேன். ரப்பே, என் நாக்கைக் காப்பாற்று, அந்தப் பெண்ணின் மார்க்கையும் காப்பாற்று என்று கேட்டேன். இரண்டும் ஒன்றுக்கொன்று முட்டுகிற வேண்டுதல், துஆ, என்று எனக்குத் தெரியும். கேட்பது என் வேலை.

கெவினிடமும் ஹலீனாவிடமும் முன்கூட்டியே சொன்னேன். "நான் தையலைக் காட்டித்தான் ஆரம்பிப்பேன். ஒளிச்சு வச்சுச் செய்யல, சொல்லிட்டுச் செய்யறேன்." கெவின் திரும்பிக்கொண்டான். ஹலீனா உதட்டைக் கடித்துக்கொண்டு சன்னலைப் பார்த்தாள்.

எங்கள் முறை வந்தது. பையைத் தூக்கிப் பிடித்தேன். 'எதையும் தாங்கும்' என்று எழுத்து. கைப்பிடி தைத்த இடத்தில் காலையில் நான் கட்டிய சிவப்பு நூல். முன் வரிசையில் இருந்த பெண்ணிடம் கொடுத்தேன்.

"அம்மா, அந்த நூல் இருக்கிற எடத்தில கை வைங்க. அந்தத் தையல் பிரியும். தச்சவன் நான்தான், எனக்குத் தெரியும். பால் கேன் ரெண்டு வச்சா பிரியும். ரொட்டி வைக்கலாம், முட்டை வைக்கலாம், கீரை வைக்கலாம், பிள்ளை கழற்றிப் போடுற ஸ்வெட்டரை வைக்கலாம். இது நல்ல பை. ஆனா இதுல எழுதியிருக்கிறது சரியில்ல. எதையும் தாங்குற பை உலகத்திலேயே கிடையாது."

'ஏ', 'தி' எல்லாம் எங்கெங்கோ விழுந்திருக்கும். நான் கவலைப்படவில்லை.

பின் வரிசையில் ஒருத்தன், "அப்ப எதுக்கு நாங்க வாங்கணும்?" என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். கெவின் முகம் சிவந்துபோனது. நான் வாயைத் திறப்பதற்குள் ஹலீனா முன்னால் வந்தாள். கையில் இருந்த தாளை மடித்துப் பைக்குள் போட்டாள்.

"நீ கார்ல போறவன். நீ ரெண்டு கேன் பால் வாங்குவ. உனக்கு இந்தப் பை வேண்டாம், வாங்காதே. நான் பஸ்ல போறவ. பஸ்ல போறவங்க யாரும் ரெண்டு கேன் பாலைத் தூக்கிக்கிட்டு ஏற மாட்டோம். எங்களுக்கு, வேலைக்குப் போகையில சட்டைப்பையில கிடக்கணும், வரும்போது சாமான் பிடிக்கணும். இது எங்களுக்கான பை. இத்தனை நாள் எங்களுக்குன்னு யாரு விளம்பரம் போட்டாங்க?"

சிரித்தவர்கள் அடங்கினார்கள். இது யாரும் எழுதிக் கொடுத்த பேச்சில்லை.

அடுத்து கெவின். பாவம், அவன் மனப்பாடம் பண்ணி வந்ததை அவனால் மாற்ற முடியவில்லை. கையை உயர்த்தி, "எதையும்! எதையும்! எதையும் தாங்கும்!" என்றான். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அவனுக்கு அது வந்திருக்கக் கூடாது. அவன் கெட்ட பையன் இல்லை.

8

மார்க் வந்தது. 'பேச்சாளர்கள் ஒருவருக்கொருவர் மாறாகப் பேசினார்கள்' என்று எழுதி டீச்சர் குறைத்திருந்தார். ஹலீனா மற்ற கட்டுரைகளை நன்றாக எழுதியிருந்ததால் மொத்தத்தில் அவளுக்கு 'பி' வந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ். கெவினுக்கும் வந்தது, ஆனால் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். எனக்கு என் கட்டுரைப் பிழைகளும் இந்தப் பேச்சும் சேர்ந்து சி பிளஸ். கடைக்குள் போகிற வழி அடைந்தது.

டீச்சரைப் போய்ப் பார்த்தேன். மார்க்குக்காக இல்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். மொதப் பாதியில எது மறைஞ்சிருக்குன்னு கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுத்தீங்க. ரெண்டாம் பாதியில நாங்க மறைச்சாத்தான் மார்க்கு. எந்தப் பாதி பாடம்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். யோசித்தார். பொய்யாக எதுவும் சொல்லவில்லை.

"நல்ல கேள்வி. இதை எழுதிக் கொண்டாங்க."

"எழுதினா மார்க் மாறுமா?"

"மாறாது."

"சரி. அப்பவும் எழுதறேன்."

எழுதினேன். ஒரு வாரம் உட்கார்ந்து, என் வாழ்க்கையிலேயே நீளமான கட்டுரை. ரத வீதியையும் ஆட்டோவையும் எழுதினேன், சேத்தூர்க்காரரையும் எழுதினேன், அண்ணன் நூல் கட்டுவதை விட்டதையும் மறைக்காமல் எழுதினேன். டீச்சர் திருப்பித் தந்தபோது ஒவ்வொரு 'ஏ', ஒவ்வொரு 'தி' திருத்தியிருந்தார். வேறு ஒரு வார்த்தை எழுதவில்லை. அதை நான் மரியாதை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

இன்றைக்கும் குடோனில்தான் இருக்கிறேன். பெட்டி இறக்குகிறேன். முதுகு வலிக்கிறது. 'பி' வாங்கியிருந்தால் முதுகு வலிக்காது. இதையும் மறைக்க மாட்டேன். ஆனால் அந்த வரி என் வாயில் இருந்து வரவில்லை. அதற்காக என்னை யாரும் பாவம் பார்க்க வேண்டாம். அமெரிக்காவும் வேண்டாம், அண்ணனும் வேண்டாம், மகளும் வேண்டாம்.

9

நிலோஃபருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் நேற்று இது வரைக்கும் எழுதியதை அவளுக்கு நானே வாசித்துக் காட்டினேன். மேசையில் கையை ஊன்றி முழுக்கக் கேட்டாள். ஆட்டோ வந்த இடத்தில் சிரித்தாள். பெரியத்தா போனில் சொன்ன இடத்தில் சிரிக்கவில்லை.

முடிந்ததும் சொன்னாள்: "உங்க குரூப்ல நான் இருந்திருந்தா உங்க மேல பயங்கரக் கோவம் வந்திருக்கும் அத்தா."

"வரட்டும்."

"எனக்கும் அந்த ஸ்பீச் வருது. என் குரூப் என்ன முடிவு பண்ணுதோ அதைத்தான் நான் சொல்வேன். உங்கள மாதிரி சண்டை போட மாட்டேன்."

"சொல்லு. அது ஒன் வாய், ஒன் மார்க்கு. நான் குறுக்க வர மாட்டேன்."

இன்னும் ஏதோ எதிர்பார்த்தாள் போல. நான் தாள்களை அடுக்கி மடித்தேன். ஜமீலா உள்ளே இருந்து, "பால் தீந்துருச்சு, கடைக்குப் போயிட்டு வாட்டி" என்றாள். மகள் கார்ச் சாவியை எடுத்தாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் அந்தப் பை தொங்குகிறது. எழுத்து மங்கிவிட்டது. கீரைக்கும் ரொட்டிக்கும் இன்றைக்கும் அதைத்தான் எடுத்துப் போகிறோம். அவள் போகிற போக்கில் அதை உருவிக்கொண்டு படி இறங்கினாள்.

நான் சன்னலைத் திறந்து கத்தினேன். "ஏட்டி, அதில பாலை வச்சிராத!"

"தெரியும் அத்தா! அதான் ஊருக்கே சொல்லிட்டீங்களே!" என்று காரைக் கிளப்பிக்கொண்டு போனாள்.